இரண்டாம் எண் குப்பி

திண்டிவனம்
17-1-1987, சனிக்கிழமை

அன்புள்ள கிருஷ்ணவேணிக்கு,

வேதக்கார வீட்டில் பிறந்த ஞானமேரிக்கும் காணையில் நம் வீட்டில் பிறந்த எனக்கும் ரத்தத்தில் ஒரே மாதிரி மாற்றம் எப்படி வந்தது? இத்தனை வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. இரண்டாம் எண் குப்பி யாருடையது என்று கேட்டிருந்தாய். என்னுடையது. உன் ஆய்வகத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை நான் முழுக்க நம்பவில்லை. குறையில்லாத ரத்தம் ஒன்றும் போகட்டும் என்று என்னுடையதையே எடுத்து, ஞானமேரியுடையதைப் போலவே அசிட்டோனில் புரதத்தைப் பிரித்து உலர்த்தி, பெயர் எழுதாமல் அனுப்பினேன். லண்டனில் இருக்கும் தங்கையைச் சோதிக்கப் பார்த்தேன் அல்லவா, எனக்கு நன்றாக வேண்டும்.

ஞானமேரி எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்பவள். தன் அப்பா தொம்மையின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், அவளுக்கு அரிவாள் செல் நோயாக இருக்கலாம் என்றார்கள். அந்த 'இருக்கலாம்' மாப்பிள்ளை வீடு இருக்கும் கிளியனூருக்குப் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விட்டது. கல்யாண ஓலையை, யாருக்கும் தடை உண்டா என்று கேட்டு, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு முடிந்தது; மூன்றாவதை மாப்பிள்ளை லூர்துநாதனின் அம்மா இன்னாசியம்மாள் நிறுத்திவிட்டார். மார்ச்சில் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கினால் கல்யாணம் கிடையாது. அதற்கு மேல் அவர்கள் காத்திருக்கப்போவதில்லை.

நேற்று கிளியனூர் போய் உன் முடிவை விளக்கினேன். புரதத்தைத் துண்டுகளாக்கி எடை பார்த்தார்கள். அரிவாள் செல் என்றால் ஒரு துண்டில் முப்பது குறைய வேண்டும். அது குறையவில்லை, வேறொரு துண்டில் ஒன்றே ஒன்றுதான் குறைவு, அதனால் நோய் வராது என்றேன். இன்னாசியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காயிதம் நல்லாத்தான் சொல்லுது டீச்சரம்மா. நாளைக்குப் புள்ள சீக்கா பொறந்தா, அந்த மிசினா வந்து தூக்கிக்கினு திரியும்?" என்றார்.

என் ரத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மகள் பூங்கோதைக்கு விழுப்புரத்தில் வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். "ஊருக்கெல்லாம் ஏன் சொல்லிக்கினு இருக்கணும்?" என்கிறார் உன் மாமா. பெற்றவர், கவலை இருக்காதா? ஆனால் இன்று ஞானமேரி குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பரவால்ல மேடம், உங்களால ஆனத செஞ்சீங்க" என்றாள். நான் செய்யவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

அங்கே பனி அதிகம் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் விரலையும் ஒருமுறை குத்திப் பார்த்துவிடு. அக்காவுக்கு இருப்பது தங்கைக்கும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நீ நன்றாக இரு.

அன்புடன்,
உன் அக்கா
லட்சுமி

18-1-1987, ஞாயிறு

உறையை இன்னும் ஒட்டவில்லை. காலையில் பூசைக்கு முன்பே கிளியனூர் போய், என் ரத்தத்திலும் அதே மாற்றம்தான் என்று சொல்லிவிட்டேன். இன்னாசியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை பிள்ளை, சுகப் பிரசவமா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு, சுகப் பிரசவம், நன்றாக இருக்கிறார்கள் என்றேன். "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?" என்று திட்டினார். மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். கோயிலின் பின்பக்கம் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னேன். எழுந்துபோய் எனக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.