கொல்லையிலிருந்து தறிக்கு வந்த செதில்

30 ஜூன் 2024, ஞாயிறு

கடையில் கூட்டம் என்று ஜிலேபி மீனை ஆயாமலே வாங்கி வந்துவிட்டாள் மருமகள் காவேரி. அவள் செதில் எடுத்த மாதிரி நான் இதுவரை பார்த்ததில்லை. குண்டான் நிறையத் தண்ணீர். மீனை அதற்குள் முக்கி, ஸ்பூனால் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினாள். ஒன்றுகூட வெளியே பறக்கவில்லை. எல்லாம் தண்ணீருக்குள்ளேயே மினுமினு என்று சுற்றின.

"போன்ல பாத்தேன் அத்தை."

இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால்? கல்லில் வைத்துச் சுரண்டித்தானே அந்தப் பழி வந்தது.

1 ஜூலை, திங்கள்

மறக்கவா முடியும்? அம்மனுக்குச் சாத்த நெய்த அரக்குப் புடவை. தறியிலிருந்து அறுத்துப் பிரித்தால், ஜரிகை ஓரமாக ஒரு மீன் செதில். என் ஓரகத்தி சம்பூர்ணம் அதை நகத்தால் எடுத்து எல்லார் முகத்துக்கும் நேரே நீட்டினாள். "மீன் ஆஞ்சது அக்காதான்."

அன்றோடு மாமியார் என்னைத் தறிப் பக்கம் வரக்கூடாது என்றுவிட்டாள். கரையைத் தனி நாடாவால் உடலோடு கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறி ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளிய கை இது. மாமியார் போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்ன சொல் போகவில்லை. வீடு பிரிந்த பிறகும் சம்பூர்ணம் வீட்டுத் தறியை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று - கொல்லையில் சுரண்டிய செதில் தறிக்கு எப்படிப் போகும்?

2 ஜூலை, செவ்வாய்

கிருத்திகை. மீன் இல்லை. கேள்விதான் இருக்கிறது.

3 ஜூலை, புதன்

மறுபடி ஜிலேபி வாங்கச் சொன்னேன். பழையபடி கொல்லைக் கல்லில் வைத்து நான் சுரண்ட, காவேரி கழுவிக் கொடுத்தாள். சுவரில் செதில், குழாயில் செதில், என் புருவத்தில் ஒன்று. எதுவும் வாசற்படியைத் தாண்டவில்லை. நன்றாகத் தேடிவிட்டேன். பின்னே? பூனையா? தறி இருக்கும் அறைக்குள் அந்த வீட்டில் பூனையை விடமாட்டார்களே.

"கேஸ் நடத்துறீங்களா அத்தை?" என்கிறாள். ஆமாம், நடத்துகிறேன்.

4 ஜூலை, வியாழன்

காலையில் காவேரி தலை வாரினாள். சீப்போடு ஒரு செதில் வந்தது. அவள் கழுவத்தானே செய்தாள்!

ஈரத்தில் வழுக்கி ஓடுகிறது. காய்ந்தால் பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஆளோடு ஆளாக உள்ளே வருகிறது.

அன்றைக்குச் சுரண்டியது நான். கழுவியது? சம்பூர்ணம். நான் அடுப்பில் குழம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, தறியில் போய் உட்கார்ந்தது? அவளேதான்.

7 ஜூலை, ஞாயிறு

பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் என்று சொல்ல சம்பூர்ணம் வந்தாள். வருவாள் என்று தெரிந்துதான் மீன் வாங்கி வைத்திருந்தேன். கொல்லையிலேயே மணை போட்டேன். பேசிக்கொண்டே நான் சுரண்ட, அவளாகவே சொம்பை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். பழைய பழக்கம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவள் கொண்டையில் ஒன்று மினுக்கியது. அதையும் சொல்லவில்லை. சொல்வேனா?

8 ஜூலை, திங்கள்

மத்தியானம் போன்.

"அக்கா, தறியில பாவு நூல் மேல ஒன்னு கெடக்குது."

என்னது என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்காதக்கா."

போனில் அவள் மகன் உமாபதி தறி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கும் நான்தான கழுவுனேன்?"

அதை என் வாயால் சொல்லணுமா? இத்தனை வருஷமாக அவளைக் கேட்கவேண்டும் என்று நாக்கில் வைத்திருந்தது எல்லாம் எங்கே போனதோ.

அவளே சொன்னாள்: "பேத்திக்கு முகூர்த்தப் புடவை நெய்துக்கினு இருக்கான். கோர்வைக்கு ஆளு இல்லக்கா."

யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே சரி என்பதற்கு நான் என்ன இளிச்சவாயா?

10 ஜூலை, புதன்

உமாபதி தறியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதலில் நாடா கையை விட்டு நழுவியது. அப்புறம் வந்துவிட்டது.

உள்ளே போகுமுன் வாசலில் நின்று கொண்டையை அவிழ்த்து உதறினேன். சம்பூர்ணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் வந்து என் பக்கத்தில் நின்று தன் கொண்டையை அவிழ்த்து உதறினாள்.

தப்பு தன் மேல்தான் என்று இன்னும் அவள் வாயால் வரவில்லை. புடவை முடிய நாள் இருக்கிறது.