கிடங்குக் கூரையின் சூடு

உயரத்தில் இருக்கும் அப்பாவுக்கு,

கீழே எல்லோரும் நலம். நீ வீட்டைவிட்டுப் போன பிறகு குறட்டைச் சத்தம் இல்லை. அந்த வகையில் நன்றி.

நேற்று மதியம் உன் சிவப்பு வால் கிளைடர் நம் வீட்டுக்கு மேலே வட்டமடித்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா அண்ணாந்து பார்த்து, "உங்கப்பாடா! நம்மளத்தான் பாக்குறாரு!" என்றாள். ஈரச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடி மாதிரி ஆட்டினாள். என் சட்டைதான், போகட்டும்.

நீதானே சொல்லிக்கொடுத்தாய்? இறக்கை மேலே தூக்கும், காற்றின் தடை பின்னால் இழுக்கும். என்ஜின் இல்லாத கிளைடர் காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று எழுந்தால்தான் உயரம் கிடைக்கும். பக்கத்துக் கிடங்கின் தகரக் கூரை வெயிலில் கொதித்தால் அப்படிக் காற்று எழும். நேற்று நீ வட்டமடித்தது அந்தக் காற்றுக்காகத்தான்; உயரம் கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா, கைகூட ஆட்டினாரு," என்றேன். நான் சிரிக்காமல் விட்ட ஒரே புளுகு அதுதான்.

இன்று வெயில் ஏறியதும், துவைத்த துணியையே மறுபடி நனைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறாள். ஒன்று, இறங்கி வா. இல்லையென்றால் வேறு கூரையைப் பார்த்துக்கொள்.

இன்னும் காயாத சட்டையோடு,
உன் வாலு