ஏரியைச் சுற்றிப் போகும் முழுக்கோடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு இன்னும் ராசியாகவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உங்களோடு தங்கி வேலைக்குப் போகும் நம் சில்வண்டும் சுகமென்று நம்புகிறேன். பெரிய பெண்ணாகிவிட்ட தன் மகளை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று உன் சித்தி சொல்கிறாள், ஆனால் வாய் ஓயாத பெண்ணை வேறு என்னவென்று கூப்பிடுவது. நீங்கள் நால்வரும் மூன்று நாள் காரிலேயே ஏரியும் மலையும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வரப்போகிறீர்கள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, இப்போதே மெத்தைகளை வெயிலில் போட்டுவிட்டாள்.

கடிதம் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்காதே என்று சொல்லிவிட்டு போனை வைத்ததற்கு உனக்குக் கோபம் என்று தெரியும். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. மலைக்குள் போனில் சிக்னல் இருக்காது, அதனால் அப்பா வரைந்த மேப்பை வைத்துத்தான் வரப்போகிறோம், ஏரியைச் சுற்றி ஒரு அழகான ரோடு போட்டிருக்கிறீர்களே என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். எந்த மேப் என்று கேட்டேன். கல்யாணமாகிப் போகும்போது உங்கள் மேசை டிராயரிலிருந்து எடுத்து வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன், ஓரத்தில் காபி கொட்டிய கறைகூட அப்படியே இருக்கிறது என்றாய். அந்த மேப்பை நான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், தொலைந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அம்மாடி, அந்த ரோடு கிடையாது. எங்கள் அலுவலகத்தில், முடிந்த ரோட்டுக்கு முழுக்கோடு, வேலை நடக்கும் ரோட்டுக்கு விட்டுவிட்டுக் கோடு. ஆனால் மேப் அச்சாகி வர ஒரு வருஷம் ஆகும் என்பதால், அதற்குள் முடிந்துவிடும் என்று தோன்றுகிற ரோட்டுக்கும் முழுக்கோடே போட்டுவிடுவோம். தலைமை வரைவாளர் என் தோளைத் தட்டி, "அதெல்லாம் முடிஞ்சிடும்யா, போடு" என்றார், நானும் போட்டேன். ஏரிக்கு வடக்கே பாதி தூரம் போய், ஏரியில் விழும் ஓடைக்குப் பாலம் கட்டாமலே வேலையை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் அது அங்கே அந்தரத்தில்தான் நிற்கிறது. அடுத்த பதிப்பில் திருத்திவிட்டேன். உன்னிடம் இருப்பது முதல் பதிப்பு.

உன் சித்தப்பா சுற்றுலா வேன் ஓட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் வாசலில் வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு வந்து, "அண்ணே, ஏரியைச் சுத்தி ரோடு போட்டாச்சாமே, நிசமா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அச்சு மை வாசம் போகாத மேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்து, "பாத்துக்கடா, என் கையால போட்டது" என்றேன். அந்தப் பெருமைதான் அவனைக் கொன்றது. மறுவாரம் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியவன், பனிமூட்டத்தில், என் கோட்டை நம்பி நேராகப் போய்விட்டான். வேனில் யாரோ விட்டுப்போன பாட்டில் கிடந்தது. குடிப்பாரா என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார். "எப்பவாவது" என்றேன். கல்யாணம் காட்சியில் ஒரு வாய் சாப்பிடுவான், அது பொய் இல்லை; வண்டி எடுக்கும் நாளில் தொடவே மாட்டான். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை. குடித்துவிட்டு ஓட்டினான் என்று எழுதிக்கொண்டார்கள். வேனிலிருந்து எடுத்த சாமான்களோடு மேப்பும் என் கைக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் காயவைத்து டிராயரில் போட்டேன், கிழிக்கக் கை வரவில்லை. அந்தக் கறை காபி இல்லையம்மா, ஏரித் தண்ணீர்.

பன்னிரண்டு வருஷமாகிறது. போனில் பேசிக்கொண்டே பேப்பர் ஓரத்தில் கிறுக்கினால் என் கை அந்த வளைவைத்தான் போடுகிறது, பார்த்ததும் பேப்பரை மடித்துவிடுவேன். தண்ணீர் வண்டிக்காரன் சாயங்காலம் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். தையல் மிஷினில் இருக்கும் உன் சித்தியின் கால் நிற்கும், நானும் நிமிர்வேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அவன் இந்த வீட்டில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இப்போது வழியைக் கேட்டுக்கொள். முதல் நாள் அடிவாரத்து ஊரில் தங்குங்கள், பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மறுநாள் ஏரிக்குத் தெற்கே பழைய மலைப்பாதையில் வாருங்கள். இருபத்திரண்டு வளைவுகள், இறக்கத்தில் கியரை மாற்றிக்கொண்டே இருக்காமல் இரண்டாவதிலேயே வரச்சொல் மாப்பிள்ளையை. பேத்திக்கு வாந்தி வரும், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடு. மூடுபனி இறங்கினால் ஓரம் கட்டிவிடுங்கள், ஏரி எங்கேயும் ஓடிப்போகாது.

இதை உனக்கு எழுதிவிட்டுச் சித்தியிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று இன்று காலை அவளையும் அம்மாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், இன்னும் வெளியே வரவில்லை. சித்தி கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்போ அவர் குடிக்கலையா மாமா?" என்றாள். இல்லம்மா என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லம்மா என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். சாவு வீட்டில் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தவள் இன்று வாய்விட்டு அழுதாள். என்னைத் திட்டவில்லை, திட்டுவாள் என்று எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் தெரியுமா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு வரட்டும், அவ அப்பாவை நீங்களே உங்க வாயால அவகிட்ட திருப்பிக் குடுங்க" என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை சில்வண்டிடம் காட்டாதே. வடக்கு ரோடு சரியில்லை என்று மட்டும் சொல், அது உண்மைதான். நான் சொல்ல வேண்டியதை மூன்று நாள் நீ சுமக்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருங்கள். மேப்பைச் சட்டத்திலிருந்து கழற்றி மறக்காமல் கொண்டு வா. அவள் கேட்டால் காட்டுவதற்கு அது என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அவளுடைய பெரியப்பா