நான் அடித்த வரி

கோபத்தில் இருக்கும் என் மகளுக்கு,

நேற்று போனில், "யாரும்மா இப்படிச் சட்டம் எழுதினது? அவங்க வீட்டுல பிள்ளைங்களே இல்லையா?" என்று கேட்டாய். வாசலில் யாரோ பெல் அடிப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். யாரும் வரவில்லை.

அரசு தரும் கல்வி உதவித்தொகையிலிருந்து உன் படிப்பை நீக்கும் திருத்தச் சட்டம் என் மேசையில்தான் எழுதப்பட்டது. அதுதானே என் பிழைப்பு.

இருபது வருடமாக எந்தத் திருத்தம் எழுதினாலும், கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: 'ஏற்கெனவே படித்து வருபவர்களுக்கு இது பொருந்தாது.' ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வரியால் பிழைத்தார்கள்.

இந்த முறையும் எழுதினேன். பிறகு, மகளுக்காகச் சேர்த்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று நானே அடித்துவிட்டேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அது இல்லாததை யாரும் கவனிக்கவும் இல்லை. சட்டசபையில் ஐந்தே நிமிடத்தில் கைதூக்கி நிறைவேற்றிவிட்டார்கள்.

இன்று மேலதிகாரி என் அறைக்கே வந்தார். "உங்க பொண்ணும் அந்தப் படிப்புதானாமே? உங்களை மாதிரி நேர்மையா யாரும்மா இருக்காங்க!" என்றார். பல்லைக் காட்டினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அவள் வீட்டில் பிள்ளை உண்டு. ஒரே பிள்ளை.

இதையும் எழுதிய
அம்மா