கடைக்கு மேலே ஆள் உண்டு

மார்ச் 6
கண்ணாடிக் கடை

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் நானே மேலே பேசிக்கொண்டு போய்விடுவேன் என்பதால்தானே என் போனை எடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறாய். சரி, இதில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி.

நம் தெருவைத் தோண்டிவிட்டார்கள்! இதற்கு நீ கைதட்ட வேண்டும். நம் கடை வாசலில் ஆள் உயரப் பள்ளம். வாடிக்கையாளர்கள் பலகை மேல் நடந்து வருகிறார்கள், பார்வை மங்கியவர்களை நானே கைபிடித்துக் கூட்டி வருகிறேன். கண்ணாடி போட வருகிறவர் பள்ளத்தில் விழுந்தால் எனக்குத்தானே கெட்ட பேர். ஆனாலும் மண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வெளியே அந்த மால் வந்த நாளிலிருந்து இந்தக் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஈ உட்காரக்கூட இடமில்லை, அவ்வளவு ஆட்கள், அவ்வளவு இயந்திரங்கள்.

விஷயம் இதுதான். நகரின் நடுவில் உள்ள நம் ஆறு தெருக்களையும் மாநகராட்சி புதிதாக்கப் போகிறது. வண்டிக்கு இடமில்லை, நடப்பவர்களுக்கு மட்டும். நடுவில் மரங்கள், மரத்தடியில் பெஞ்சுகள். மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை நாடக அரங்கமாகிறது. பழைய தபால் நிலையம் நூலகம். அந்த நூலகத்துக்கு லிஃப்ட் வைக்கிற வேலை யாருக்கு வந்திருக்கிறது தெரியுமா? உன் அண்ணனுக்கு. வருஷக்கணக்காக ஆஸ்பத்திரி லிஃப்டையே பழுது பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், புது லிஃப்டைப் பற்றிச் சாப்பிடும்போதுகூடப் பேசுகிறார். கல்யாணத்தின்போது என்னைப் பற்றிக்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹோட்டல் கட்டுகிற கம்பெனிக்காரன் நம் கட்டடத்தை விலைக்குக் கேட்டு உனக்கும் காகிதம் அனுப்பியிருப்பான். கட்டடம் உனக்கும் உன் அண்ணனுக்கும் சேர்த்து உங்கள் அப்பா எழுதி வைத்தது. நீ கையெழுத்துப் போட்டால் உன் அண்ணன் மறுக்க மாட்டார். "தங்கச்சி கேட்டா நான் எப்படி இல்லைங்கறது?" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதனால் கொஞ்சம் பொறு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன்
அண்ணி

பி.கு.: பள்ளத்தில் பழைய காலத்துச் செங்கல் ஒன்று கிடைத்தது. மேஜைமேல் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கேட்டதற்கு நன்றி, பதில் சொல்ல விட்டதற்கு இன்னும் நன்றி.

கம்பெனியின் காகிதம் வந்தது. கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருக்கிறேன். மே மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் இங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஏழாவது மாடி, சின்ன பால்கனி, தூரத்தில் கொஞ்சம் கடல். வாடகை அறையில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பொய்ப்பல் செய்து கொடுத்தாயிற்று. என் கட்டிலை ஒட்டி ஒரு சொந்தச் சுவர் வேண்டும் என்று கேட்பது பேராசையா?

அண்ணி, நீங்கள் துள்ளுவதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே தெருவில் ஒரு நீரூற்று கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அதற்கும் இப்படித்தான் துள்ளினீர்கள். திறப்பு விழா அன்று ஒரே ஒரு தடவை பீச்சியது, மேயரின் சட்டையில். அப்புறம் காக்கைகள்தான் குளித்தன. அத்தைக்கு மீசை முளைக்கட்டும், அப்புறம் சித்தப்பா என்று கூப்பிடலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் மனித முகம் பார்க்க முடியாமல்தான் நான் கிளம்பி வந்தேன். உங்கள்மேல் கோபப்பட்டு வரவில்லை என்று இன்னொரு தடவையும் எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் சண்டை போட்டதாகக் கதை கட்டுவீர்கள்.

அண்ணனின் புதுப் பல்வரிசைக்கு மெல்லிய பிரஷ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதில் லிஃப்டின் பற்சக்கரத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
நாத்தனார்

ஏப்ரல் 11
கண்ணாடிக் கடை

அன்புள்ள நாத்தனாருக்கு,

மரங்கள் வந்துவிட்டன! லாரியில் படுத்தபடி, வேரில் சாக்கு கட்டிக்கொண்டு வந்தன. நம் வாசலில் ஒன்று நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ரொட்டிக் கடை திறக்கப் போகிறது. எதிரே செருப்புக் கடைக்காரர் ஷட்டருக்குப் பச்சை அடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக மூக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். சிரிக்காமல் காட்டினேன், பாராட்டு.

இப்போது என் வாய் செய்த காரியத்தைக் கேள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் உன்னையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

கடைக்கு மேலே ஆள் குடியிருந்தால்தான் தெரு உயிரோடு இருக்கும் என்பது மாநகராட்சியின் திட்டம். அதனால், உரிமையாளர்களில் ஒருவராவது மேலே குடியிருக்கிற கட்டடங்களுக்கு முகப்பு, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அவர்களே புதுப்பித்துத் தருவார்களாம். மேல்மாடி காலியாக இருக்கும் கட்டடம் பட்டியலில் இல்லை. அந்த மாதிரிக் கட்டடத்தை வாங்கத்தான் ஹோட்டல் கம்பெனி காத்திருக்கிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அறிவிப்புப் பலகையைப் பார்த்தால், குடியிருக்கும் கட்டடங்களில் நம்முடையதும் இருக்கிறது! எப்படி என்று எனக்கே புரியவில்லை. மாநகராட்சியிலிருந்து கட்டடம் வடிவமைக்கிற பெண் ஒருத்தி வருவாள். எப்போதும் மஞ்சள் தலைக்கவசத்தோடு இருப்பாள், நான் அவளுக்கு மஞ்சள் தொப்பி என்று பேர் வைத்திருக்கிறேன். அவள்தான் சொன்னாள், சாயங்கால நேரத்தில் தெருவில் நடந்து எந்த மாடியில் விளக்கு எரிகிறது என்று பார்த்துக் குறித்தார்களாம்.

கடைக்கு மேலே உன் பழைய அறையில் விளக்கு எரிந்திருக்கிறது. ஏற்றியது நான்தான்.

நீ போனதிலிருந்தே ஏற்றுகிறேன். கடை பூட்டுமுன் மாடி ஏறிப் போட்டுவிட்டு, காலையில் வந்து அணைப்பேன். கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, உன் பங்கில் நான் அதைச் சேர்க்கவில்லை. நீ போன புதிதில் ஒரு நாள் தெருமுனை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நம் வரிசை முழுக்க இருட்டு. நடுவில் உன் ஜன்னலும் இருட்டு. என்னால் நிற்க முடியவில்லை, திரும்பி வந்து விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மஞ்சள் தொப்பி என்னிடம், "மேல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "என் நாத்தனார்" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்கிறார் என்றாள். பல் செய்கிறாள் என்றேன். அதாவது உண்மைதானே? மே மாதம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் மாடிக்குக் குடி வந்துவிடலாம் என்றால், ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றால் உன் அண்ணன் உடனே ஓட வேண்டும், குவார்ட்டர்ஸை விட முடியாது. உண்மையைச் சொன்னால் பட்டியலிலிருந்து போய்விடுவோம், நம் காசில் புதுப்பிக்க முடியாது, விற்பதைத் தவிர வழியிருக்காது. உனக்கு உன் பால்கனி கிடைக்கும். எனக்கு இந்தக் கடை போகும். எனக்கு எது வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

உன்
அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

இல்லாத ஆளைக் குடிவைத்து அரசாங்கத்தின் பணத்தில் படிக்கட்டு கட்டிக்கொள்ள முடியாது. உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்குக் கோபம்தான். என்னைக் கேட்காமல் என்னைக் குடிவைத்திருக்கிறீர்கள்.

கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் தபாலில் போடவில்லை.

எந்த விளக்கு? மேஜை விளக்கா, கூரையில் இருப்பதா? மேஜை விளக்கு என்றால் அதன் வயர் கொஞ்சம் விட்டிருக்கும், ஈரக் கையோடு தொடாதீர்கள்.

நாத்தனார்

மே 9
கண்ணாடிக் கடை

அன்புள்ள நாத்தனாருக்கு,

மேஜை விளக்குதான். வயரை உன் அண்ணன் எப்போதோ மாற்றிவிட்டார். அவருக்கும் தெரியும், உனக்குத்தான் சொல்லவில்லை.

மஞ்சள் தொப்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கே போய், உட்காராமல், நின்றபடியே சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மாசக் கடைசிக்குள்ள உரிமையாளர் யாராவது நெஜமாவே குடிவந்தா விட்டுடறேன். இல்லேன்னா பேரை எடுத்துத்தான் ஆகணும்மா" என்றாள். நியாயமாகத்தான் சொன்னாள். நான் உனக்கு இதை எழுதுவது கெஞ்சுவதற்காக இல்லை, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

இப்போது நல்ல சேதி. நேற்றுத் தெருவைத் திறந்தார்கள்! நீ பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு பேர் இந்த ஊரில் இருக்கிறார்களா என்று ஆகிவிட்டது. ஆறு மணிக்கு மேல், கேட்டுக்கொள், ஆறு மணிக்கு மேல், பெஞ்சில் உட்கார இடமில்லை. அரங்கத்தின் வாசலில் வரிசை. ரொட்டிக் கடையில் தட்டு காலி. செருப்புக் கடைக்காரர் பச்சைக் கண்ணாடியோடு நின்று, மாப்பிள்ளை வீட்டார்போல எல்லோரையும் வரவேற்றார். நூலகத்தில் உன் அண்ணன் லிஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். மேலே வேலை இல்லாதவர்களையும் ஏற்றினார். நீரூற்றும் வேலை செய்தது. மேயர் தள்ளி நின்றார், படித்திருப்பார் போலிருக்கிறது, உன் கடிதத்தை.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. கடை பூட்டிவிட்டு நிறுத்தத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்ன நாளிலிருந்து உன் அறையில் விளக்குப் போடுவதில்லை. தெருவே பளிச்சென்று இருந்தது, நடுவில் உன் ஜன்னல் மட்டும் இருட்டு. பஸ் வந்தது. தினமும் வருகிற அதே டிரைவர், என்னோடு இதுவரை பேசியதே இல்லை. நான் ஏறும்போது கேட்டார்: "மேல இருக்கறவங்க ஊருக்குப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். பதில் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான் இருக்கும்.

காகிதத்தைத் தபாலில் போட்டுவிடு. எனக்குக் கோபமில்லை, சத்தியமாக. வருத்தம் இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். சொந்தச் சுவர் கேட்பது பேராசை இல்லை. கட்டடம் கைமாறும்போது மாடிச் சாவியை உன்னிடம்தான் கேட்பார்களாம், அதனால் இதோடு வைத்திருக்கிறேன். உன் பால்கனிக்கு வந்து உன் கண்ணைப் பரிசோதிப்பேன். தூரத்தில் தெரிவது கடலா, தண்ணீர்த் தொட்டியா என்று முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

உன்
அண்ணி

மே 31
கண்ணாடிக் கடைக்கு மேலே

அன்புள்ள அண்ணிக்கு,

மாடியில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நான் வந்து இறங்கியதிலிருந்து நீங்கள் என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடவில்லை. இதைக் கடைக் கதவின் இடுக்கில் போடுகிறேன். காலையில் வந்து, உட்கார்ந்து படியுங்கள்.

ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள், பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். படிக்கட்டுக்காக வரவில்லை. உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டும் வரவில்லை. உங்கள் கடிதமும் சாவியும் வந்த அன்று கம்பெனிக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குத்தான் கிளம்பினேன். வழியில் அந்த ஏழு மாடி வீட்டை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று போனேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் விளக்கு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் என்னுடையது எரிகிறதா இல்லையா என்று பார்க்க அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. இங்கே பஸ் டிரைவர்கூடப் பார்த்திருக்கிறார். நீங்கள் ஒன்பது வருஷம் மாடி ஏறியிருக்கிறீர்கள், முழங்கால் வலியோடு. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கொஞ்சம் அழுதேன், அதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

சொந்தச் சுவர் இங்கேயே இருந்தது. சுண்ணாம்புதான் உதிர்கிறது. என் பல் செய்கிற மேஜை ஜன்னலடியில் அளவெடுத்ததுபோலப் பொருந்திவிட்டது. கோடியில் புதிதாகத் திறந்திருக்கும் பல் மருத்துவமனைக்கு ஆள் வேண்டுமாம், நாளை போகிறேன். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து யாரோ விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களைவிடச் சத்தமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒப்புக்கொள்கிறேன், அத்தைக்கு மீசை முளைத்துவிட்டது.

மதியம் நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது மஞ்சள் தொப்பி வந்தாள். "இங்க யாரு இருக்கா?" என்றாள். "நான்தான் அந்த நாத்தனார்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். கட்டடத்தின் பேர் பட்டியலிலேயே இருக்கும்.

இன்னொன்று. சாயங்காலம் கடை பூட்டுமுன் பழக்கத்தில் மாடி ஏறி வந்தீர்கள். நான் இருப்பதையே மறந்து, நேரே மேஜைக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தீர்கள். அப்போதே சொல்ல நினைத்தேன், நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

இனிமேல் அதற்காக நீங்கள் படி ஏற வேண்டாம், அண்ணி. கடையைப் பூட்டிக்கொண்டு நேரே நிறுத்தத்துக்குப் போங்கள். நான் போடுகிறேன். அங்கிருந்து பாருங்கள்.

மாடியிலிருந்து,
உங்கள் நாத்தனார்