பாய் விரிக்கும் முன் கேட்ட கேள்வி

என் ஆசை நைனாவுக்கு,

யோகா டீச்சர் ஹாலுக்குள் வந்ததும் முதலில் ஜன்னலைத்தான் சாத்தினார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். மற்ற ஊர்களில் யோகாவுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பார்களாக இருக்கும். நம் திருவொற்றியூரில் சாத்த வேண்டியிருக்கிறது. கம்பியில் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டிய கரித்தூளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. நான் யோகா கிளாசுக்குப் போகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். எதிர் வீட்டு லதாக்காதான் இழுத்துப்போனாள். "பள்ளிக்கூடத்தையும் உட்டுட்ட, நைனாவும் பூட்டாரு. இன்னும் எத்தினி நாளைக்குடி செவுத்தையே பாத்துக்கினு குந்தினு கீற? ஏந்துரு" என்றாள். சமுதாயக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு. காசு கிடையாது.

புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நான் டீயில் இரண்டு பன் நனைத்துத் தின்றுவிட்டுப் போனேன். வெறும் வயிற்றில் வர வேண்டுமாம். குனிந்ததும் பன் தொண்டைக்கு வந்தது. லதாக்கா நைட்டியில் வந்தாள், மேலே ஒரு துண்டு. "இத்த போட்டுக்கினு காலைத் தூக்குனா கூடமே காலியாயிடும் மேடம்" என்று அவளே சொல்லிவிட்டாள். டீச்சரும் சிரித்துவிட்டார். நாளையிலிருந்து தொளதொளவென்று சுடிதார் போட்டு வரச் சொன்னார்.

பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து வளையாதீர்கள், அவங்க உடம்பு வேற, உங்க உடம்பு வேற என்றார். கஷ்டமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், நிறுத்துவது தப்பே இல்லை என்றார்.

உன்னிடம் யாராவது ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா நைனா?

இதற்கெல்லாம் முன்பே, பாய் விரிப்பதற்கு முன்னால், டீச்சர் ஒரு நோட்டோடு ஒவ்வொருவரிடமும் வந்தார். பிரஷர், சுகர், ஆபரேஷன், மூட்டு வலி, மூச்சு இழுப்பு, ஏதாவது இருக்கா என்று கேட்டார். மறைக்காமல் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றார். லதாக்கா முட்டி வலியில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் சொன்னாள். என் முறை வந்தது. "ஒன்னும் இல்ல மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அது உன் பதில். ஒரு நாள் நீ மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க எண்ணூர் வரைக்கும் வந்தேனே, அன்றைக்குப் பார்த்தேன். நிலக்கரி இறக்குகிற வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசை. இருமல் வராமல் இருக்க நீ வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு நின்றாய். "இருமல், இழுப்பு இன்னாச்சும் கீதா?" என்று மேஸ்திரி கேட்டான். உனக்கு முன்னால் நின்றவர், நீ, பின்னால் நின்றவர், எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஒன்னும் இல்லண்ணா."

உன் இழுப்பு எனக்கும் வந்தபோது அதையே சொல்லிக்கொடுத்தாய். "யாரு கேட்டாலும் ஒன்னும் இல்லன்னு சொல்லு கண்ணு. சொன்னீன்னா ஓரமா நிக்க வெச்சிருவானுங்கோ."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது என்று. "ரெண்டு நாளாத்தான் சார்" என்றாய். அங்கே உன்னை யார் வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள்? பல வருஷமாக என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கையிலிருந்த சீட்டைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே நின்றேன். அவர் ரெண்டு நாள் என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பாரா? நீ என்னை முறைப்பாய் என்று பயந்தேனா, இல்லை அத்தனை பேருக்கு முன்னால் பேச வெட்கமா? அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைத் திட்டமாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

யோகா கிளாசில் மூன்றாம் நாள் டீச்சர் மூச்சை இழுத்து அடக்கிப் பிடிக்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் நெஞ்சு பூட்டிக்கொண்டது. விட்டபோது விசில் மாதிரி சத்தம் வந்தது. லதாக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "இன்னாடி, உள்ள பூனை வளக்குறியா?" என்றாள். சிரித்து வைத்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு. அப்படியேதான் நீயும் உட்கார்ந்திருப்பாய். வாசலைப் பார்த்தேன். எழுந்து போய்விட்டால் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை. வீட்டுச் சுவர் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்கு அப்படித்தான் போய்விட்டேன். அடுத்த நாளும் போகவில்லை.

நைனா, நீ சொன்ன எல்லாவற்றையும் கேட்டு நடந்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் இனிமேல் கேட்கமாட்டேன். எனக்கு என்ன இருக்கிறதோ அதைச் சொல்வேன். ஓரமாக நிற்க வைத்தாலும் சொல்வேன். அம்மாவுக்கு ஏதாவது என்றால் அவளுக்காகவும் நானே சொல்வேன். உன் மேல் சத்தியம்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கே போனேன். டீச்சர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை. "மேடம், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு இழுப்பு கீது. ஆறு வயசுலேர்ந்து கீது" என்றேன்.

உன் ஒரே பொண்ணு,
பவித்ரா