ரேடியேட்டர் மாட்டிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் நம் வண்டி ஷெட்டில் இல்லை. என் தங்கச்சி வீட்டில் இல்லை. இரண்டும் காலையில் ஒன்றாகத்தான் கிளம்பின. பதறாமல் முழுவதையும் படியுங்கள். உங்கள் கேம்ப்பில் போன் எடுக்காது, அதனால் இன்று சாயங்காலம் அங்கே சாமான் ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளாது. குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்கும் ஷெட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். தைக்க எடுத்த சீட் உறை மிஷினில் பாதியில் கிடக்கிறது.

நீங்கள் அனுப்பிய அலுமினிய ரேடியேட்டர் நசுங்காமல் வந்து சேர்ந்தது. ஆனால் என் கடைக்கு வரவில்லை. பெட்டியின் மேல் உங்கள் வீட்டு முகவரியை எழுதிவிட்டீர்கள், தங்கச்சிதான் வாங்கினாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை ஒப்புக்கொண்டு போனவர், போன பிறகும் அவளுக்கு ஒரு வரி எழுதாதவர், இத்தனை பெரிய பெட்டி அனுப்பினால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? பிரித்திருக்கிறாள். மேலே தெர்மோகோல், அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் போர்வை, போர்வைக்குள் ரேடியேட்டர். பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாளாம், என் வீட்டுக்காரி கூடத்தான் இருந்தாள். ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. மச்சானிடம் கொடுக்கவும், தகடுகள் வளையாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனுஷன் ஐயா நீர்.

அதை அவளே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "இந்தாண்ணே, உன் மாப்பிள்ளையோட சொத்து" என்று மேஜையில் வைத்தாள். வைத்தவள் போகவில்லை. என்னோடு ஷெட்டுக்கு வந்து, பழைய ரேடியேட்டரைக் கழற்ற விளக்குப் பிடித்தாள். அடி ஹோஸை உருவியதும் துருத்தண்ணி முழுக்க என் காலில்தான் கொட்டியது. உங்களோடு சேர்ந்து இந்த வண்டியை வாங்கிய நாளை அப்போது ஒரு தரம் திட்டினேன்.

புதுசு ஒரு கையால் தூக்குகிற கனம்தான். ஆனால் பழசைவிடத் தடிமன். எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே உட்காரும் என்று விளம்பரத்தில் இருந்ததாகச் சொன்னீர்களே, அதை எழுதினவனைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. ரேடியேட்டரைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் புது ஓட்டை போட்டு, இழுத்து முறுக்கி, தண்ணீரை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. ஃபேன் இறக்கை தகட்டை வழித்துக்கொண்டு சுற்றியது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. தங்கச்சிதான் பாய்ந்து சாவியைத் திருப்பினாள். தண்ணீர் ஓடுகிற குழாய் தப்பியது, தகடுகள்தான் ஒரு முழத்துக்குப் படுத்துவிட்டன.

நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் பல் செட் செய்கிற தன் வேலைக்கூடத்துக்குப் போய், பல் சுரண்டுகிற ஊசி ஒன்றை எடுத்து வந்தாள். ரேடியேட்டரை மடியில் போட்டுக்கொண்டு, படுத்த தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். மத்தியானம் முழுக்க அதே வேலை. நடுவில் ஒரே ஒரு தரம் பேசினாள். "தகடு வளையக் கூடாதுன்னு இவ்வளவு கவலைப்படுற மனுஷன், நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே" என்றாள். அழவில்லை மாப்பிள்ளை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை எழுதினால் லாரிக்காரர் இதைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்.

அடுத்த தரம் அவள் சொன்னபடிதான் செய்தேன். ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் பல் கடியை அச்செடுக்கும் சிவப்பு மெழுகை ஒட்டி, கையால் மெதுவாகச் சுற்ற வைத்தாள். மெழுகு எங்கே நசுங்குகிறதோ அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம். பட்டைகளை வெல்டரிடம் கொடுத்து மாற்றி, ரேடியேட்டரை விரல் கனம் முன்னால் தள்ளினோம். கீழேயும் மேலேயும் ரப்பர் வைத்து உட்கார்த்தினோம். நான் வழக்கம்போல் இழுத்து முறுக்கப் போனேன். வண்டி குலுங்குகிறபோது அதற்கும் கொஞ்சம் அசைய இடம் வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் விட்டுவிடும் என்று வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேல் ஹோஸ் குட்டையாகிப் போனதால் வேறு வாங்க வேண்டி வந்தது.

நேற்று குழாய்களில் அடைத்திருந்த காற்றை எல்லாம் வெளியேற்றி, கூலன்ட் நிரப்பி, வெகுநேரம் ஓடவிட்டோம். சூடு காட்டும் முள் நடுவில் வந்து நின்றது, அப்புறம் நகரவில்லை. நான் சந்தோஷத்தில் வெல்டரைக் கட்டிப் பிடித்தேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை அணைத்த பிறகும் இறங்கவில்லை.

இன்று காலையில் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினாள். எனக்குத் தெருமுனை தெரியும், போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், போனை எடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து அவளே கூப்பிட்டாள். "முள்ளு நடுவுலதான்ணே நிக்குது. நான் அவரு இருக்கிற இடத்துக்குத்தான் போயிட்டிருக்கேன். வண்டியை அவருகிட்ட ஒப்படைச்சிட்டு பஸ்ல திரும்பிடுவேன். அப்புறம் எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். மாற்றுத் துணிகூட எடுத்துப் போகவில்லை என்று என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இரவு வழியில் என் கொழுந்தியாள் வீட்டில் அவளைத் தங்க வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன், என் வீட்டுக்காரி போனில் கேட்டதற்கு அவளும் சரி என்றாளாம். லாரி ராத்திரி முழுக்க ஓடும், ஆகவே இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் வந்துவிடும். நாளை லீவு சொல்லிவிட்டு கேட்டில் போய் நில்லுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. சின்னதிலிருந்தே அவள் சொன்னதைச் செய்கிறவள். பஸ்ஸில் ஏறிவிட்டால் ஏறினதுதான். வண்டியைப் பார்த்ததும் உங்கள் கை பானெட்டைத்தான் தேடும், எனக்குத் தெரியும், என் கையும் அப்படிப்பட்டதுதான். தொடாதீர்கள். ரேடியேட்டர் எங்கேயும் போகாது. இறங்குகிறவளைப் பாருங்கள், தப்புதான் என்று சொல்லுங்கள், அவள் திட்டுவதை எல்லாம் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். திட்டி முடித்த பிறகு திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பாள். உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கும்,
உங்கள் மச்சான்.